இருட்டில் மூன்று பச்சைப் புள்ளிகள்

போன டிசம்பரில் ஒரு இரவு அண்ணா என்னைத் துவக்கால் குறிபார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அடுத்தநாள் காலமை தேத்தண்ணி குடிக்கேக்கதான் தெரிய வந்தது.

அண்ணா என்றால் பெரியம்மாவின் மூத்த மகன். டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறார். நான் வேறொரு மாநிலத்தில் மாஸ்டர்ஸ் செய்ய வந்தவள். குளிர்கால விடுமுறைக்கு விடுதி வெறிச்சோடிப் போய்விடும் என்று தெரிந்து, "இங்க வந்து நில்லும் பிள்ளை" என்று அண்ணி ரிக்கெற்றும் போட்டுக் கூப்பிட்டிருந்தா. போய் மூன்றாவது இரவு. இரண்டு மணி இருக்கும். சரியான தண்ணி விடாய். வந்து நிற்கிற வீட்டில் லைட்டைப் போட்டு ஆக்களை எழுப்பக் கூடாது என்று சுவரைத் தடவித் தடவிக் குசினிக்குப் போனேன். போகிற வழியில் சாப்பாட்டு மேசைக் கதிரையில் கால் சின்னவிரல் இடித்தது. "ஐயோ அம்மாளாச்சி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டு, ஒற்றைக்காலில் நின்று தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலமை அண்ணா கேட்டார்.

"இரவு கதிரையில இடிச்சனி என்ன?"

"ஓம் அண்ணா. எழுப்பிப்போட்டனோ?"

"இல்லை. நான் முழிச்சுத்தான் இருந்தனான். உனக்குப் பின்னால, கொரிடோரில நிண்டனான்." தேத்தண்ணியை ஒருக்கா உறிஞ்சினார். "கையில சாமான் இருந்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியும் ஒன்றும் சொல்லவில்லை. பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தா. பூசின பாணுக்கே திரும்பவும் பூசினா.

"பிரச்சினை என்னெண்டா," என்றார் அண்ணா, ஏதோ கார் பழுதைப் பற்றிச் சொல்வதுபோல, "சைட் ஒண்டும் தெரியேல்லை. கறுப்பில கறுப்பு. நைட் சைட் எண்டு ஒண்டு இருக்கு, இருட்டில மினுங்கும். நீ பிசிக்ஸ் படிச்சனிதானே, எது நல்லதெண்டு பாத்துச் சொல்லு."

இப்படித்தான், வாழ்க்கையில் ஒரு துவக்கையும் தொட்டிராத நான், ஒரு கைத்துப்பாக்கிக்கு இருட்டில் ஒளிரும் சைட் தெரிவுசெய்கிற வேலையில் இறங்கினேன். (சைட் என்றதும் சிரிக்கிற ஆக்கள் சிரித்துவிட்டு வாருங்கள். நானும் முதல்நாள் சிரித்தேன்.)

அண்ணாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சண்டியர் இல்லை. எறும்புக்கும் சீனி போடுகிற மனிதர். ஒரு பெற்றோல் செட்டில் பன்னிரண்டு வருடம் இரவு வேலை செய்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் முகத்துக்கு நேரே பிஸ்டலை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டு போனான். அதே வருடம் அவர்களுடைய தெருவில் ஒரு வீடு உடைத்தார்கள். பிறகுதான் வாங்கினார். 2021 செப்டெம்பருக்குப் பிறகு டெக்சாஸில், சட்டப்படி துவக்கு வைத்திருக்கக்கூடிய 21 வயது தாண்டிய ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் காவிக்கொண்டு திரியலாம். எங்கட ஊரில் ஒரு கட்டுத்துவக்குப் பிடிபட்டால் பேப்பரில் செய்தி. இங்கே அது தச்சுச் சாமான் கடைக்குப் போய்வருகிற மாதிரி.

கொம்பாக்ட் என்று ஒரு அளவு இருக்கிறது. உடுப்புக்குள் மறைக்கலாம், ஆனால் கைக்குள் அடங்காத அளவுக்குச் சின்னதும் இல்லை. 1988இல் வந்த குளொக் 19ஐத்தான் எல்லாரும் அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அண்ணாவுடையது கிட்டத்தட்ட அந்த அளவு. மேலே முன்னுக்கு ஒரு சிறு தூண், பின்னுக்கு நடுவில் வெட்டு விழுந்த ஒரு தகடு. வெட்டுக்கு நடுவில் தூண் தெரிய வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் குறிபார்த்தல். இந்த இரண்டுக்கும் இடையில் ஆறு அங்குலம் அளவுதான் தூரம். சாதாரண தரத்து முக்கோணிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்சைட் ஒரு மில்லிமீற்றர் விலகினால் ஏழு மீற்றர் தள்ளி நாலரை சென்ரிமீற்றர் விலகும். துவக்கு சின்னதாகச் சின்னதாக இந்தப் பிழை பெருக்கும். அதனால் சைட் கண்ணுக்குத் தெரிவது முக்கியம் என்று அண்ணா சொன்னதில் பிழையில்லை.

ஒளிர வைக்க இரண்டு வழி. ஒன்று, வெளிச்சத்தை வாங்கி வைத்திருந்து பிறகு விடுகிற பூச்சு. மருமகனின் அறைக் கூரையில் ஒட்டியிருக்கிற நட்சத்திரங்கள் அந்தச் சாதி. 1993இல் ஜப்பானில் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரொன்ரியம் அலுமினேற் பூச்சைக் கொண்டுவந்த பிறகு இது முந்தியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் வாங்கினதைத்தான் கொடுக்கும். நானும் மருமகனும் ஒரு இரவு பரிசோதித்தோம். ஒன்பது மணிக்கு லைட்டை நிப்பாட்டினவுடன் கூரை முழுக்கப் பச்சை. பத்து மணிக்குத் தேடிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டுக்கு அவன் நித்திரை, நட்சத்திரங்களும் நித்திரை. லாச்சிக்குள் இருட்டில் கிடக்கிற பிஸ்டலுக்கு இந்தப் பூச்சால் பிரயோசனமில்லை. அதற்கு வெளிச்சம் காட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

மற்றது திரித்தியம். இங்கேதான் அம்மா உள்ளே வந்தா. வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"தானா மினுங்குமோ? ரேடியமோடி? அது புற்றுநோய் வாற சாமான். அம்மப்பான்ர மணிக்கூட்டில இருந்தது. தொடாத!"

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் நியூஜேர்சியின் ஒரேஞ்ச் என்ற ஊரில் இளம் பெண்கள் மணிக்கூட்டு எண்களுக்கு ரேடியம் பூச்சுப் பூசினார்கள். தூரிகை முனை கூராக வருவதற்கு உதட்டில் வைத்து உருட்டச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. அது பாதகமில்லை என்றும் சொல்லப்பட்டது. பிறகு பல்லுக் கழன்றது, தாடை எலும்பு உக்கியது. கிரேஸ் ஃபிரையரும் இன்னும் நாலு பெண்களும் வழக்குப் போட்டு, 1928இல் சமரசத்தில் முடிந்தது. கிரேஸ் 1933இல் இறந்துபோனார். ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் 1600 வருடம். பழைய ரேடியம் மணிக்கூடு இன்றைக்கு ஒளிராவிட்டாலும், அதற்குள் இருக்கிற பூச்சுத்தான் களைத்துப்போயிருக்கும். ரேடியம் களைக்கவில்லை.

திரித்தியம் அப்படி இல்லை. அது இரண்டு நியூத்திரன் கூடின ஐதரசன். அதிலிருந்து வருகிற பீற்றாத் துணிக்கை அவ்வளவு பலவீனமானது, மனிசத் தோலின் மேற்படையையே தாண்டாது. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் வாயுவாக அடைத்து, உட்சுவரில் ஒளிர்பூச்சு பூசி, இரண்டு பக்கமும் உருக்கி மூடிவிடுவார்கள். உள்ளே இலத்திரன் போய்ப் பூச்சில் அடிக்கும், பூச்சு ஒளிரும். பற்றரி வேண்டாம், வெயில் காட்ட வேண்டாம், இரவும் பகலும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அரைவாழ்வுக்காலம் 12.3 வருடம். பன்னிரண்டு வருடத்தில் திரித்தியம் பாதி, பூச்சும் பழுதாவதால் வெளிச்சம் பாதிக்கும் கீழே. ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையை இல்லை, தயாரித்த வருடத்தை. நாலு வருடம் கடைத் தட்டில் கிடந்த சைட் நாலு வருடம் செத்த சைட்தான். மலிவு விற்பனையில் கொட்டிக் கிடப்பவற்றை இதற்காகவே கவனமாகப் பார்க்க வேண்டும்.

இதைத் தேடும்போது இரண்டு விசயம் அகப்பட்டது. ஒன்று, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் விதி: இப்படித் தானாக ஒளிரும் திரித்தியத்தை விளையாட்டுச் சாமானிலோ, அலங்காரப் பொருளிலோ, வீண் பகட்டுக்கோ போட முடியாது. சாவிக்கொத்தில் தொங்கவிட்டால் வீண் பகட்டு. துவக்கில் பொருத்தினால் அத்தியாவசியம். இரண்டாவது, சந்தைக்கு வருகிற திரித்தியத்துக்கு ஒரு முக்கியமான ஊற்று ஒன்ராறியோ. கனடாவின் அணு உலைகள் பாரநீரில் ஓடுகிறவை. அந்தப் பாரநீரில் சேருகிற திரித்தியத்தை டார்லிங்ரனில் பிரித்தெடுக்கிறார்கள். அதாவது ஸ்காபரோ, ஏஜாக்ஸ் என்று எங்கட சனம் குவிந்திருக்கிற இடங்களிலிருந்து கொஞ்சத் தூரம். ரொறன்ரோவில் இருக்கிற அக்காவுக்கு இதைச் சொன்னேன். "இங்க 2022 ஒக்ரோபரோட பிஸ்டல் விக்கிறதையே நிப்பாட்டிப்போட்டாங்கள். வெளிச்சத்தை மட்டும் அனுப்புறாங்களோ?" என்று கேட்டா.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர். நல்ல மனிதர், ஆறுதலாகக் கதைத்தார். ஒரு மாதிரிப் பிஸ்டலை எடுத்து, "பிடிச்சுப் பாரும்" என்று என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாணவர் விசாவில் வந்தவர்கள் துவக்கோ ரவையோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் விடாது. விதிவிலக்குகளில் ஒன்று, வேட்டை அனுமதிப்பத்திரம். அதாவது மான் சுடுகிற பத்திரம் ஒன்று எடுத்துவிட்டால் பிஸ்டலையும் தொடலாம். பெரியவர் அதை விளங்கப்படுத்திவிட்டு, பத்திரம் எங்கே எடுக்கலாம் என்றும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுக் கையைக் கட்டியபடியே நின்றேன்.

ஒவ்வொரு சோடி சைட்டையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, சின்ன ஓட்டையால் பார்க்க விடுகிறார்கள். திரைச்சீலைக்குள் தலையை விட்டுப் படம் எடுக்கிற அந்தக்காலக் கமராக்காரர் மாதிரி அண்ணா குனிந்து குனிந்து பார்த்தார்.

அதிகம் விற்பது மூன்று புள்ளி. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு, மூன்றும் பச்சை. பெட்டிக்குள் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் முழு இருட்டில் தூணும் தெரியாது, தகடும் தெரியாது, அந்தரத்தில் மூன்று பச்சைப் பொட்டு மட்டும். எது முன், எது பின்? நித்திரையால் எழும்பினவர் முன்புள்ளியை இரண்டு பின்புள்ளிக்கும் வெளியே வைத்துவிட்டு, மூன்றும் வரிசையாக நிற்கிறது, சரி என்று நினைக்கலாம். மூன்றும் சம வெளிச்சமாக இருந்தால் இது நடக்கும். அதனால்தான் சில நிறுவனங்கள் பின்னுக்கு மங்கலான குழாயோ வேறு நிறமோ போடுகின்றன. சில, பின்சைட்டை முழுக்கக் கறுப்பாகவே விட்டுவிடுகின்றன. டெக்சாஸ்காரரான எக்ஸ்எஸ் நிறுவனத்தார் முன்னுக்கு ஒரு பெரிய குண்டுப் புள்ளி, பின்னுக்கு அகண்ட வி வடிவம் என்று வேறு வழியில் போகிறார்கள். கிட்டத்தில் கெதியாகப் பிடிபடும், தூரத்தில் நுணுக்கம் குறையும். நிறத்தில் பச்சைதான் கெட்டி. மனிசக் கண் பச்சைப் பக்கத்துக்குத்தான் கூடக் கூர்மை. அதே அளவு திரித்தியத்தில் சிவப்போ நீலமோ மங்கலாகத்தான் தெரியும். நீலம் வடிவு என்று அண்ணா ஆசைப்பட்டார். நான் விடவில்லை.

பிறகு வயது. அண்ணாவுக்கு 48. கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில்தான் கூர்மையாக நிற்கும். ஆளைப் பார்த்தால் சைட் கலங்கும், பின்சைட்டைப் பார்த்தால் ஆள் கலங்கும். பயிற்சி கொடுக்கிறவர்கள் முன்சைட்டைப் பார் என்பார்கள். கைநீட்டுத் தூரத்தில் இருக்கிற முன்சைட் கண்ணாடி இல்லாமல் அண்ணாவுக்குக் கலங்கித்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு எழும்புகிறவர் கண்ணாடியைத் தேடுவாரா, துவக்கைத் தேடுவாரா?

அங்கே, அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு விசயம் உறைத்தது. பெட்டிக்குள் எல்லாம் தெரிகிறது, சரி. ஆனால் பெட்டிக்குள் ஆள் இல்லை. இந்தப் பச்சைப் பொட்டுகள் அண்ணாவின் துவக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அண்ணாவுக்குச் சொல்லும். அங்கால நிற்பது நானா வேறு ஆளா என்று சொல்லாது. அந்த வெளிச்சம் என்மேல் விழாது. முன்னுக்கு நிற்கிற எனக்கு அது தெரியவும் தெரியாது, ஏனென்றால் குழாயின் வாய் சுடுகிறவர் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றிரவு நைட் சைட் இருந்திருந்தால், அண்ணா என்னை இன்னும் திருத்தமாகக் குறிபார்த்திருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நீர் சொல்லுறது சரி" என்றார். முழு வெளிச்சத்தில் இந்தச் சைட் தேவையில்லை. முழு இருட்டில் ஆளை அடையாளம் தெரியாது, அடையாளம் தெரியாமல் சுடக் கூடாது. ரோச் அடித்தால் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புச் சைட்டே நல்லாகத் தெரியும். ஆக, ஆளை மட்டுக்கட்டலாம் ஆனால் கறுப்புச் சைட் தெரியாது என்கிற ஒரு இடைப்பட்ட மங்கலில்தான் இது உதவும். பொழுதுபடுகிற நேரம், தெருவிளக்கு யன்னலால் விழுகிற அறை, அப்படி. "அந்த மங்கல்தான் நிறைய நேரம் இருக்கிறது" என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். பிறகு துவக்கிலேயே பூட்டுகிற லைட் ஒன்றை எடுத்து வைத்தார். நூற்றுச் சொச்ச டொலர். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதால் யாரென்று பார்க்க வேண்டுமென்றால், யாரென்று தெரிய முதலே துவக்கை அவர் பக்கம் நீட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு ஏன் லைட்டைப் போடேல்லை? சுவிற்ச் உங்கட கையடியில இருந்தது."

கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஹைவேயால் இறங்கின பிறகு சொன்னார். "லைட்டைப் போட்டா நாங்கள்தானே தெரிவம்."

1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது அண்ணாவுக்கு 14 வயது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஆள். பொம்மர் சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணை. நாய் குலைத்தால் அணை. ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூச்சையும் அணை. பரா லைட் அடித்தால் எங்கே நிற்கிறாயோ அங்கேயே கல்லாக நில். வெளிச்சம் என்றால் அவர்கள் உன்னைப் பார்ப்பதற்கு, நீ அவர்களைப் பார்ப்பதற்கு இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழி தாண்டி நடந்தபோதும் ரோச் அடிக்கப் பயந்ததாக ஒருமுறை சொல்லியிருக்கிறார். அண்ணா சண்டைக்குப் போனவர் இல்லை. இருட்டை மட்டும் நல்லாப் பழகினவர்.

நான் மட்டும் என்ன? லைட்டைப் போடாமல் தடவித் தடவிப் போனது விருந்தாளி மரியாதை என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. 2006க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஊரடங்குக்குள் வளர்ந்த எனக்கும் இரவில் சுவிற்சைத் தேடுகிற பழக்கமில்லை. 2011இல் கிறீஸ் பூதக் கதை பரவின நேரம், பொல்லோடு ஒழுங்கையில் காவல் நின்ற எங்கட பெடியள், கடை பூட்டிவிட்டு வந்த எங்கட மாமாவையே அடிக்க ஓங்கினவர்கள். அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டுப்பேரைச் சொல்லிக் கத்தினதால் தப்பினார். நான் "அம்மாளாச்சி" என்று கத்தினதுபோல. அந்தக் கதிரை மட்டும் ஒழுங்காக மேசைக்குள் தள்ளியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் இதுவரை முழுதாக யோசிக்கவில்லை. யோசிக்கப் போனால் கால் சின்னவிரல் நோகிறது.

அன்றிரவு ஒரு பரிசோதனை வைத்தேன். பிஸ்டல் பெட்டகத்துக்குள், பூட்டி. அதில் மட்டும் நான் இளகவில்லை. அண்ணாவின் கையில் ரிவி ரிமோட். எல்லா லைட்டும் நிப்பாட்டி, அண்ணா கொரிடோர் முனையில் நிற்க, நான் குசினிக்குள் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைப்பேன். இரண்டு செக்கனில் என்னவென்று சொல்ல வேண்டும். தும்புத்தடியோடு நான். தும்புத்தடி இல்லாமல் நான். போர்வை போட்ட கதிரை. கையில் போனோடு அண்ணி (அவவுக்கு இது நல்ல முஸ்பாத்தி). இப்படி ஏழு. அண்ணா சரியாகச் சொன்னது இரண்டு. கடைசியாக, கதிரை ஒன்றின் முதுகில் ஒரு ஹூடியை மாட்டி, ஸ்கூல் பாக்கைத் தொங்கவிட்டேன்.

"ஆள்," என்றார். "கையில என்னவோ இருக்கு."

அண்ணி லைட்டைப் போட்டா. மகனின் ஹூடி. பதினொரு வயது அவனுக்கு. அண்ணா கொஞ்சநேரம் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மற்றநாள் இரவு கையில் சாதாரண ரோச்சோடு திரும்பச் செய்தோம். ஏழுக்கு ஏழு.

இவ்வளவும் நடந்த பிறகு நைட் சைட் வாங்கவில்லையா என்றால், வாங்கினோம். அண்ணா மனம் மாறித் துவக்கை விற்றார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. அந்தப் பெற்றோல் செட்டில் அந்த இரவு நின்றது நான் இல்லை. ஆகவே நான் சொன்னது இவ்வளவுதான்: வாங்குங்கோ, ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கோ. முன்னுக்குப் பச்சைத் திரித்தியம், அதைச் சுற்றி ஒரேஞ்ச் வளையம். வளையம் பகலுக்கும் மங்கலுக்கும், அண்ணாவின் கண்ணுக்கும். பின்னுக்குப் புள்ளி ஒன்றும் இல்லாத கறுப்பு, வெட்டுக் கொஞ்சம் அகலமாக. ஒரே ஒரு பொட்டு என்றால் குழம்ப இடமில்லை. வருடத்தைப் பார்த்தோம், புதுசு. கடையிலேயே பூட்டித் தந்தார்கள். முன்சைட் உள்ளிருந்து ஒரு சின்ன ஸ்குரூ. பின்சைட் தவாளிப்புக்குள் இறுகி நிற்கிறது, அதைத் தள்ளி எடுக்க ஒரு தனி ஆயுதம் இருக்கிறது. சுத்தியலால் தட்டிக் கழற்றலாம் என்று அண்ணா நினைத்திருந்தார், நல்லகாலம். பிறகு சுடுபயிற்சி இடத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தபோது எல்லாம் இடப்பக்கம் விழுந்தது. ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். வலப்பக்கம் ஒரு முடியளவு தள்ளினார்கள், சரிவந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்கும் தோள் தானாகக் குலுங்கியது. அண்ணாவின் தோள் குலுங்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

கட்டிலருகே விரலடையாளத்தில் திறக்கிற சின்னப் பெட்டகம் ஒன்றும் வந்தது. அதுவரை லாச்சிக்குள்தான் கிடந்தது. டெக்சாஸ் சட்டத்தில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுடத் தயாரான துவக்கை விட்டுவைத்து, பிள்ளை எடுத்தால் பெரியவர்மேல் வழக்கு. சட்டத்தைச் சொன்னபோது அண்ணா அசையவில்லை. ஹூடியைப் பற்றி ஒருவரும் வாய்திறக்காமலே அசைந்தார்.

என் பங்குக்கு, ஆள் நடந்தால் தானாக எரிகிற சின்ன லைட் இரண்டு வாங்கினேன். பிளக்கில் செருகுவது. இரண்டும் சேர்த்து ஒரு பிரியாணிக் காசு. ஒன்றைக் கொரிடோரிலும் ஒன்றைக் குசினி வாசலிலும் செருகினேன். அண்ணா வந்து பார்த்தார். கையை ஆட்டி எரியவிட்டுப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார்.

"வெளியால தெரியுமே."

"தெரியட்டுமேன்," என்றா அண்ணி, உள்ளேயிருந்து.

அடுத்தநாள் காலமை பார்த்தால் கொரிடோர் லைட் கழற்றி மேசையில் கிடந்தது. நான் திரும்பச் செருகினேன். அதற்கடுத்த நாளும் கழன்று கிடந்தது, திரும்பச் செருகினேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நாலாம் நாள் கழன்றிருக்கவில்லை.

ஜனவரியில் வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு திரும்பவும் தண்ணி விடாய். எழும்பி வந்தேன். கணுக்காலடியில் மஞ்சளாக லைட் எரிந்தது. என் நிழல் எனக்கு முன்னால் சுவரில் நீண்டுகொண்டு போனது. அண்ணாவின் அறைக் கதவு ஒருச்சாய்த்துக் கிடந்தது.

"ஆரது?"

"நான்தான் அண்ணா. தண்ணிக்கு."

"ம். கதிரையைப் பாத்துப் போ."